புதன்கிழமையின் நான்கு வரிகள்

எங்கள் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த ஒருவர் ஒரு புதன்கிழமை ஓய்வு பெற்றார். பாராட்டுப் பேச்செல்லாம் முடிந்து, மாலை ஐந்து மணிவாக்கில் தன் இடத்துக்கு வந்து மேஜை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்தார். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். மை தீர்ந்த பேனாக்கள், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், மடிப்பில் கிழிந்துபோன காலண்டர் தாள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சிலது பைக்குள் போனது, சிலது குப்பைக்கூடைக்கு. ஒரு பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஏதோ சொன்னார். கேட்டதும் எனக்கு நெஞ்சு கனத்தது. இதை எழுதியே ஆகவேண்டும், சனிக்கிழமை நிதானமாக உட்கார்ந்து எழுதுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. உட்கார்ந்தேன். அந்தப் பொருள் என்ன என்று ஞாபகம் வரவில்லை.

அவர் சொன்னதும் போய்விட்டது. சொன்னார் என்பது மட்டும் இருக்கிறது. ‘அவர் முகத்தில் இனம்புரியாத சோகம் படர்ந்தது’ என்று எழுதினேன். எவருடைய ஓய்வு நாளைப் பற்றியும் எவரும் எழுதிவிடக்கூடிய வரி. அதே போக்கில் ஒன்றரைப் பக்கம் போனது. மதியம் ஆவதற்குள் மூடிவைத்துவிட்டேன்.

அதற்கு முன்பு ஆறு வருடமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, சனி ஞாயிறு எழுத்து. என்னைச் சுற்றி நடப்பதையும் நான் கடந்து வந்ததையும் சின்னச் சின்னக் கட்டுரைகளாக எழுதுவேன். வருமானத்துக்காக இல்லை. எழுதாவிட்டால் அந்த வாரம் என் கையில் நிற்காமல் ஓடிவிட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமைதான் இந்த ஏற்பாட்டில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று உறைத்தது. அப்புறம் ஐந்து வருடமாக வேறு மாதிரி செய்துவருகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே எழுத நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால், தவறிய இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் செய்த காரியம், வார இறுதி உண்மையில் எவ்வளவு நீளம் என்று பார்த்தது. ஒரு தாளில் இரண்டு நாளையும் மணிக் கணக்கில் கட்டம் போட்டு, நடந்ததை நடந்தபடியே நான்கு வாரம் குறித்தேன். சேர்ந்துபோன துணி, வீடு ஒழுங்குபடுத்துவது, மகனுக்குப் பரீட்சைப் பாடம், வங்கி வேலை, ஊரிலிருந்து வரும் போன், களைத்துப்போய்ப் படுத்த மதியத் தூக்கம் என்று கட்டங்கள் நிரம்பின. எழுத்துக்கு மிஞ்சியது நல்ல வாரத்தில் மூன்று மணி நேரம், மோசமான வாரத்தில் நாற்பது நிமிடம். என் மனத்துக்குள் சனி ஞாயிறு என்றால் இரண்டு முழு நாள். தாளில் அது சராசரியாக இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்திலும் முதல் முக்கால் மணி நேரம் ‘எதை எழுதலாம்’ என்பதிலேயே போயிருந்தது.

இந்தத் தாளை எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். நேரமே இல்லை என்று வருந்திக்கொண்டிருந்தேன். இருக்கிற நேரத்துக்குள் நான் வெறுங்கையோடு நுழைகிறேன் என்பது அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

வெறுங்கையாக ஆனது எப்படி என்பதற்கும் விடை இருந்தது. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் மறதியைப் பற்றித் தன் மேலேயே சோதனை செய்து 1885-இல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்வார். இடைவெளி விட்டு மறுபடி படிப்பார். இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளப்பார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அதற்கப்புறம் சரிவு மெதுவாகிவிடுகிறது. ஆறு நாள் கழித்தும் கிட்டத்தட்டக் கால் பங்கு நின்றது. நாம் கண்ணால் பார்ப்பது பொருளற்ற அசை இல்லை, ஆகவே அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் அந்தச் சரிவின் வடிவம் என் அனுபவத்தோடு ஒத்துப்போனது. வியாழக்கிழமை எழுதுவதற்கும் சனிக்கிழமை எழுதுவதற்கும் இடையில் நான் இழந்தது குறைவு. புதன்கிழமை ஐந்து மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடையில்தான் அந்த டிராயரை இழந்தேன்.

சரி, அன்றன்றே குறித்துவைப்போம் என்று ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதக் குறிப்புகள் ஒன்றுக்கும் உதவவில்லை. ‘லிஃப்டில் நடந்தது. அருமை. எழுதணும்.’ ‘பஸ்ஸில் அந்தப் பாட்டி. மனசு என்னமோ ஆகிவிட்டது.’ சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால், என் மனசு என்னமோ ஆன விஷயம் இருக்கிறது, ஆக்கியது எது என்பது இல்லை. உணர்ச்சியைக் குறித்துவைத்துவிட்டுக் காட்சியைத் தொலைத்திருக்கிறேன். காட்சி கையில் இருந்தால் உணர்ச்சி தானாகத் திரும்பி வரும். மாற்றி நடப்பதில்லை.

இப்போது எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது: நான்கு வரி, நடந்து ஒரு மணி நேரத்துக்குள். ஒரு பொருள், அதன் நிறமோ எண்ணிக்கையோ. யாராவது பேசியிருந்தால் பேசிய வார்த்தை, பேசிய மாதிரியே. கை என்ன செய்துகொண்டிருந்தது. எந்த இடம், என்ன நேரம். ‘வருத்தமாக’, ‘அழகாக’ போன்ற சொற்களுக்கு அதில் இடம் கிடையாது. அந்தப் பாட்டியை மறுபடி பார்த்தபோது இப்படிக் குறித்தேன்:

பஸ், 8.10. முன் சீட் பாட்டி. மடியில் ரெண்டு குடை.
கண்டக்டர்: ‘எதுக்கும்மா ரெண்டு?’ பாட்டி: ‘ஒண்ணு அவருக்கு. ஸ்டாப்புல நிப்பாரு.’
நல்ல வெயில். மேகமே இல்லை.
ஒரு குடையின் கைப்பிடி உடைந்து நூல் சுற்றியிருக்கிறது. பச்சை நூல்.

எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்தபோது, அந்தப் பச்சை நூலைப் பிடித்துக்கொண்டே முழுப் பயணமும் திரும்பி வந்தது. பாட்டி இறங்கும்போது குடைகளை எந்தக் கைக்கு மாற்றினார் என்பது வரைக்கும்.

சில நாள் நான்கு வரிக்கும் நேரம் இருக்காது. அப்போது ஒரே ஒரு பொருளின் பெயரை மட்டும் எழுதுவேன். ஒருமுறை என் மகன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, ‘நீல வாளி, ரெண்டாவது மாடி’ன்னு எழுதியிருக்கே, வாங்கணுமா?” என்றான். “இல்லடா, அது சனிக்கிழமைக்கு” என்றேன். இப்போதெல்லாம் அவனே வந்து, “இது உன் சனிக்கிழமைக்கு ஆகுமாம்மா?” என்று பள்ளியில் பார்த்ததைச் சொல்கிறான்.

எதில் குறிப்பது என்பதைப் பெரிய விஷயமாக்க வேண்டாம். குரலில் பதிவு செய்து பார்த்தேன். பதிவு செய்வது சுலபம், திரும்பக் கேட்பதுதான் நடக்கவில்லை. ஆறு நிமிடப் பேச்சில் ஒரு வரியைத் தேட வாரக் கடைசியில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? போனில் குறித்தால் அடுத்த நொடியே அலுவலகச் செய்தி ஏதாவது மேலே வந்து விழுகிறது. கடைசியில் உள்ளங்கை அளவு நோட்டும் ஒரு பென்சிலும்தான் நின்றன. கூட்டத்தில் நின்றுகொண்டு பயணம் செய்யும் நாளில் மட்டும் போன்.

இனி, நான் அதிகம் அடிபட்ட இடம்: வேலை நாள் இரவுகள்.

குறிப்பு எடுப்பது நன்றாக நடக்கிறதே, தினமும் இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்து கட்டுரையையே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாதம் விடாமல் முயன்றேன். உடல் மேஜையில் இருக்கும், மனம் சரிபார்க்காத வவுச்சர்களில் இருக்கும். எழுதிய வாக்கியங்களில்கூட அலுவலக மொழி வந்து உட்கார்ந்தது. ‘மேற்படி’ என்ற சொல்லை என் பாட்டியைப் பற்றிய கட்டுரையில் எழுதியிருந்தேன். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புதிய வேலை அந்த அளவுக்குக் கெடுகிறது. மசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழியைக் காட்டியது. முடியாத வேலையை எப்போது, எப்படி முடிப்போம் என்று திட்டமாக எழுதிவிட்டாலே போதும், அது மனத்துக்குள் வந்து வந்து தொந்தரவு செய்வது அடங்குகிறதாம். அதைப் படித்த பிறகு, அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் மறுநாள் காலை முதலில் செய்யவேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, விசைப்பலகைக்கு அடியில் வைத்துவிட்டு வருகிறேன். ‘10 மணி. மூன்றாம் எண் கோப்பு. இரண்டு கையெழுத்து பாக்கி.’ அவ்வளவுதான். இரவில் அந்தக் கோப்பு என்னைத் தேடி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

குறைந்தாலும் களைப்பு களைப்புதான். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, என் அப்பாவின் சைக்கிளைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதிய ஒரு பத்தி படு மட்டமாகத் தெரிந்தது. முழுவதையும் அழித்தேன், சேமித்தேன், தூங்கப் போனேன். சனிக்கிழமை காலை அந்த இடத்துக்கு வந்தபோது கட்டுரை அங்கே நொண்டியது. திரும்ப எழுதிப் பார்த்தேன். அப்பா சைக்கிளை நிறுத்தும்போது ஸ்டாண்டைக் குதிகாலால் தட்டும் சத்தம் முதல் முறை வந்த மாதிரி வரவேயில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வலிக்கிறது. பத்தியில் குறை இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொன்னது நான் இல்லை, என் களைப்பு. அன்று முதல் வேலை நாள் இரவில் எதையும் அழிப்பதில்லை. பிடிக்காத இடத்தில் ஓரமாக ஒரு கோடு போடுவதோடு சரி. சனிக்கிழமை காலை பார்த்தால், கோடு போட்ட இடங்களில் பாதிக்கும் மேல் அப்படியே இருக்கலாம் என்றுதான் தோன்றும்.

ஆக, வேலை நாளில் எழுதுவதில்லையா என்றால், வெள்ளிக்கிழமை மட்டும் எழுதுகிறேன். பதினைந்து நிமிடம். அந்த வாரத்துக் குறிப்புகளை ஒருமுறை புரட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு முதல் வாக்கியம் எழுதி நிறுத்திவிடுவேன். நல்ல வாக்கியமாக இருக்கவேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் மறுநாள் அது அடிபட்டுப் போகும். ஆனால் ‘எதை எழுதலாம்’ என்ற முக்கால் மணி நேரம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தேர்ந்தெடுத்ததை மனம் இரவெல்லாம் சும்மா வைத்திருப்பதும் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது இரண்டாவது வாக்கியம் வந்து நிற்கும். இத்தனை வருடத்தில் நான் கண்ட மாற்றங்களில் பெரிய பலன் தந்தது இந்தப் பதினைந்து நிமிடம்தான். ஒன்றே ஒன்றைத்தான் செய்யமுடியும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சனிக்கிழமை காலை எழுதுவதற்கு முன் படிப்பேன். இதை அந்தோணி ட்ரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் 1834 முதல் 1867 வரை தபால் துறையில் வேலை பார்த்தவர். வேலைக்கு முன்பாக, அதிகாலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதியவர் என்பதைத்தான் எல்லோரும் வியப்போடு சொல்வார்கள். என்னைக் கவர்ந்தது வேறொன்று. அவருடைய மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி நேரம், முந்தின நாள் எழுதியதைப் படிப்பதற்கு. சொற்களின் ஓசை காதில் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே படிப்பாராம். தினமும் எழுதியவருக்கே அரை மணி நேரம் வேண்டியிருந்தது என்றால், வாரத்துக்கு ஒருமுறை உட்காருகிற எனக்கு வேண்டாமா? பணி நிமித்தம் ரயிலில் அலைந்தவர், மடியில் வைத்து எழுத ஒரு சின்னப் பலகை செய்துகொண்டு பென்சிலால் எழுதியதையும், அதை அவர் மனைவி பிரதி எடுத்துக் கொடுத்ததையும் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அந்த மனைவியின் நேரம் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பிரதி எடுப்பதற்கு என் வீட்டில் ஆள் இல்லை என்பதால், பயண நேரத்தில் நான் குறிப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

படிப்பதை வாய்விட்டுப் படிக்கவேண்டும். கண் தாண்டிப் போகிற இடத்தில் நாக்கு தடுக்கும். இருபது நிமிடம் படித்து, அப்புறம் ஒன்றரை மணி நேரம் எழுதுவேன். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் எனக்கு வாக்கியங்கள் நீர்த்துப்போகின்றன. வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் என்பதால், சனிக்கிழமை தூக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காக வெள்ளி இரவு சீக்கிரம் படுக்கப் பழகினேன். இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு நிற்காது.

நிறுத்தும்போது முடிந்த இடத்தில் நிறுத்துவதில்லை. அடுத்து என்ன வரவேண்டும் என்று தெளிவாகத் தெரியும்போதே, வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவேன். கீழே ஒரு வரி: ‘அடுத்து, குடை கை மாறியது.’ ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்து ஒரு நிமிடம்கூடக் கிடைக்காமல் போனாலும், அடுத்த சனிக்கிழமை அந்த வரி எனக்காகக் காத்திருக்கும். ஞாயிறு கிடைத்தால் எழுத்துப்பிழை, தலைப்பு, பெயர்களை மறைப்பது போன்ற சில்லறை வேலைகள்தான்.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நான்கைந்து நாள் எதுவுமே கிடையாது, நான்கு வரியும் கிடையாது. முன்பெல்லாம் அந்த இடைவெளி வந்தால், எல்லாம் போச்சு என்று அடுத்த இரண்டு வாரமும் நோட்டைத் தொடமாட்டேன். பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. நான் தவறவிடுவது ஒரு நாள் இல்லை, நான்கைந்து. ஆனாலும் அதைப் படித்த பிறகு, ஒன்றாம் தேதி காலை பஸ்ஸில் ஏறியதும் பழையபடி நோட்டை எடுக்க மனம் வந்தது.

கோபக் குறிப்புகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அலுவலகத்தில் யாராவது காயப்படுத்திய நாளில் நான்கு வரி நாற்பது வரியாகும். அவற்றையும் எழுதுகிறேன், ஆனால் அந்த வாரத்துச் சனிக்கிழமை திறப்பதில்லை. இரண்டு சனிக்கிழமையாவது தாண்டவேண்டும். தாண்டியபின் படித்தால், எனக்கு இழைக்கப்பட்டதாக நினைத்த அநியாயத்தில் என் பங்கும் கொஞ்சம் கண்ணில் படும். கூட வேலை செய்கிறவர்களைப் பற்றி எழுதினால், வெளியே போவதற்கு முன் அவர்களிடமே படித்துக்காட்டி ஒப்புதல் வாங்கிவிடுகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்படி இரண்டு கட்டுரைகள் நோட்டிலேயே இருக்கின்றன.

அந்த டிராயருக்கு வருகிறேன். அவர் ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, அன்று அங்கே இருந்த இன்னொரு தோழி பேச்சுவாக்கில் சொன்னாள்: “அந்தச் சாவியைத் திரும்ப டிராயர்லயே வச்சுட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கா?”

சாவி! சின்னப் பித்தளைச் சாவி. விரல்நுனியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, “இது எதோட சாவின்னே தெரியலம்மா. நான் வந்தப்பவே இதுல கிடந்துச்சு. தூக்கிப்போட மனசு வரலை, இருக்கட்டும்” என்று சொல்லி, டிராயரின் பின்பக்க மூலையில் வைத்து மெதுவாகச் சாத்தினார். அப்படியே நின்ற இடத்தில் நான்கு வரி எழுதினேன். அந்தச் சனிக்கிழமையே கட்டுரை முடிந்தது. அவருக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக்காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “தாராளமா போடும்மா” என்றவர், “அந்தச் சாவி இன்னும் அங்கயேதான் இருக்கா?” என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அப்போது அந்த மேஜையை வேறொரு தளத்துக்கு மாற்றியிருந்தார்கள். பார்க்காமலே நாள் ஓடிவிட்டது.

போன மாதம் மேஜைகளையெல்லாம் திரும்ப எங்கள் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது இப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் இருக்கிறது. இந்தச் செவ்வாய்க்கிழமை அவளிடம் டிராயரைக் கொஞ்சம் முழுசாக இழுக்கச் சொன்னேன். பின்பக்க மூலையில், அவளுடைய ஹேர்பின் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

“இது எதோட சாவிக்கா? நான் வந்தப்பவே இருந்துச்சு. யாருக்காவது தேவைப்படும்னு விட்டுட்டேன்” என்றாள்.

தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து நோட்டை எடுத்தேன். செவ்வாய், 11.40. ஹேர்பின் டப்பா, சிவப்பு மூடி. அவள் சொன்னது, சொன்ன மாதிரியே. டிராயரை இடது கையால் மூடினாள். இன்று வியாழன். அவருக்கு இன்னும் போன் செய்யவில்லை. நாளை இரவு முதல் வாக்கியத்தை எழுதிவிட்டுச் செய்யலாம் என்றிருக்கிறேன்.